நூக்குஸ் கலைக்கூடமும் உருவவாதம் பற்றிய தீர்ப்பும்

அரசதிகாரமும் செல்வமும் குவியுமிடத்திலேயே கலைச் சேகரிப்புகளும் குவிகின்றன என்பது வரலாறு காட்டும் பொதுநியதி. இதற்குப் புறநடையாக அமைவது, உஸ்பெகிஸ்தானுக்குட்பட்ட கரகல்பாக்ஸ்தானின் தலைநகர் நூக்குஸில் உள்ள கலை அருங்காட்சியகமாகும். அமு தரியா நதியின் கீழ்ப்பகுதியில், பாலைநிலத்தின் நடுவே 1966 இல் தோன்றிய இந்நிறுவனத்தின் வரலாறு, மார்க்சிய நோக்கினராகிய நாம் எளிதிற் கடந்துசெல்ல முடியாத வினாவொன்றை எழுப்புகின்றது.

இதனை நிறுவிய இகோர் சவித்ஸ்கி (1915–1984) கியேவிற் பிறந்த ஓவியர். சேர்கேய் தொல்ஸ்தோவ் தலைமையிலான கொரெஸ்ம் தொல்லியல், இனவரைவியல் ஆய்வுக்குழுவுடன் 1950 இல் இப்பிரதேசத்துக்கு வந்தவர், பின்னர் மொஸ்கோவை விடுத்து இங்கேயே தங்கினார். கரகல்பாக் மக்களின் பூவேலை ஆடைகள், வெள்ளி அணிகள், கூடாரங்களை அலங்கரித்த நெசவுப் பட்டிகள் ஆகியவற்றைக் கிராமந்தோறுஞ் சென்று திரட்டினார். அரைநாடோடி வாழ்க்கை நிலைத்த வேளாண் வாழ்க்கையாக மாறியபோது பயன்பாடிழந்த பொருள்கள் இவை. நெசவும் பூவேலையும் பெண்களின் உழைப்பு. பண்டைய கொரெஸ்மின் தொல்பொருள்களும் இவற்றோடு சேர்ந்தன.

எனினும், அருங்காட்சியகத்தின் புகழுக்குக் காரணம் அதன் மூன்றாவது சேகரிப்பாகும். 1932 இல் சோவியத் கலைக்குழுக்கள் கலைக்கப்பட்டு, 1934 இல் சோஷலிச யதார்த்தவாதம் அதிகாரபூர்வ நெறியாக்கப்பட்டபின், 'உருவவாதிகள்' எனப் பழிக்கப்பட்டோர் பலர். அலெக்சாந்தர் வோல்கோவ் புறக்கணிக்கப்பட்டார். மிக்காயில் குர்சின் சிறைப்பட்டார். இத்தகையோரின் ஓவியங்களை அவர்தம் குடும்பத்தாரிடமிருந்து, பல வேளைகளிற் கடனாக, சவித்ஸ்கி பெற்றுவந்தார். நதேஷ்தா பரவாயா தீட்டிய சோவியத் தடுப்புமுகாம் சித்திரங்களை நாசி முகாம் பற்றியவையெனக் கூறி அதிகாரிகளை அவர் இணங்கச்செய்தார் என்பர். இன்று 80,000க்கு மேற்பட்ட பொருள்கள் இங்குள்ளன.

இவ்வரலாற்றைச் சோஷலிசத்துக்கு எதிரான தனிமனித வீரகதையாகச் சுருக்குவோர் உளர். அது பாதி உண்மையே. ஓவியங்களை ஒதுக்கியது அரசு. அவற்றைக் காத்த நிறுவனத்தைப் பொதுப்பணத்தில் நடத்தியதும் அதே அரசின் பிரதேச நிருவாகம். மத்தியின் கண்காணிப்புத் தளர்ந்த விளிம்பிலேயே இம்முரண் இயங்க இடங்கிடைத்தது. ஆயினும் இதனைக் காட்டி நாம் நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்ளல் ஆகாது. பொய்யின் துணையோடு கலை காக்கப்படவேண்டியிருந்ததெனில், குறைபாடு கலையிலன்று, அதனை அளந்த கோலிலேயே இருந்தது.

'உருவவாதம்' என்னுஞ் சொல்லை நமது முற்போக்கு விமர்சனமும் தாராளமாகவே கையாண்டுள்ளது. வோல்கோவின் வர்ணங்களில் மத்திய ஆசிய உழைப்பாளரும் தேநீர்க்கடை மாந்தரும் உயிர்பெற்று நிற்கின்றனர். உள்ளடக்கம் மக்கள்சார்பானதாயிருந்தும் உருவம் புதியது என்பதற்காகவே அவர் தண்டிக்கப்பட்டார். உருவத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்து விளக்குவது விமர்சகனின் பணி. அதன்மீது தீர்ப்பெழுதி அதிகாரத்திடம் கையளிப்பது அன்று. இவ்வேறுபாட்டை நாம் மறந்த சந்தர்ப்பங்களை மீளப் பரிசீலிப்பது, மார்க்சியத்தைக் கைவிடுவதாகாது. அதன் விமர்சன முறையை நம்மீதே பிரயோகிப்பதாகும்.