செம்பனைத் தோட்டத்தில் மூவகை உயிரணுக்கள்

படிவம் நான்கில் தாவர உயிரணுவையும் விலங்கு உயிரணுவையும் அருகருகே வரைந்து, பாகங்களுக்குப் பெயரெழுதியது உயிரியல் படித்த நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். தேர்வு முடிந்ததும் அந்தப் படத்தை மறந்துவிடுகிறோம். அந்த வேறுபாடுகளை நம்பித்தான் மருத்துவர் மருந்து எழுதுகிறார் என்பதை நம் ஜொகூரைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கோத்தா திங்கி நகரமே நீரில் மூழ்கியது. அவ்வெள்ளத்தையொட்டிக் காணப்பட்ட நோய்களுள் எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் ஒன்று. இதற்குக் காரணம் லெப்டோஸ்பைரா எனும் பாக்டீரியா. எலியின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீர்வழி நீரிலும் ஈர மண்ணிலும் கலந்து, காலிலுள்ள சிறு வெட்டுக்காயம் வழியே நம் உடலுக்குள் புகுந்துவிடும். வெள்ளமில்லாத நாளிலும் செம்பனைத் தோட்டத் தொழிலாளிக்கு இந்த ஆபத்து உண்டு. பழம் தின்ன எலிகள் வரும் இடமல்லவா!

ஆக, ஒரே தோட்டத்தில் மூவகை உயிரணுக்கள்: செம்பனையினுடையது, மனிதனுடையது (இந்தக் கணக்கில் எலியும் நம் பக்கம்தான்), பாக்டீரியாவினுடையது. முதல் இரண்டிலும் மரபுப்பொருள் உட்கருவுக்குள் சவ்வால் மூடப்பட்டிருக்கும். பாக்டீரியாவுக்கு உட்கருவே இல்லை; மரபிழை உயிரணுவின் உள்நீர்மத்தில் அப்படியே கிடக்கும். அளவிலும் பெரிய வேறுபாடு. நமது சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். சுருள்வடிவ லெப்டோஸ்பைராவின் தடிமனோ 0.1 மைக்ரோமீட்டர்தான்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது சுவர். செம்பனை உயிரணுவின் சுவர் செல்லுலோசால் ஆனது. நமக்குச் சுவரே கிடையாது. பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கன் என்ற வலை. சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு புரதத் துண்டுகள் குறுக்கே பிணைத்திருக்கும். அந்தப் பிணைப்பைப் போடும் நொதியைத்தான் பென்சிலின் முடக்குகிறது. வளரும் பாக்டீரியாவின் சுவர் வலுவிழக்கிறது. நீர் உள்ளே புகுந்து, உயிரணு வெடித்துச் சாகிறது. நம் உடலில் அந்த நொதி இல்லாததால், பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய தீங்கில்லை. இந்நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான டாக்சிசைக்ளின், புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தாக்குகிறது. பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ், நம்முடையது 80எஸ். (நம் இழைமணிகளுக்குள் மட்டும் பாக்டீரியாவினுடையதை ஒத்த ரைபோசோம்கள் உள்ளன. அது தனிக் கட்டுரைக்குரிய கதை!)

டெங்கியும் இதைப் போலவே காய்ச்சல், தலைவலி, தசைவலியுடன்தான் தொடங்கும். ஆனால் டெங்கிக் கிருமிக்குச் சுவருமில்லை, ரைபோசோமுமில்லை. அது உயிரணுவே அல்லாத வைரஸ். அதனிடம் பென்சிலின் பலிக்காது. எனவே காய்ச்சலோடு மருந்தகம் செல்லும்போது, வெள்ளநீரில் நடந்ததையோ தோட்டத்தில் வேலை செய்ததையோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் தோட்ட வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் 2010 முதல் மலேசியாவில் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்.