ஒரு படி நெல்லும் ஒரு இன்டர்வியூவும்

பிளேஸ்மென்ட் சீசன். ஹாஸ்டல்ல பாதிப் பேர் டை கட்டிக்கிட்டு, தனக்குத்தானே கேள்வி கேட்டு பதில் சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. உங்களுக்கு நானும் ஒரு கேள்வி தர்றேன்.

"இந்தாங்க ஒரு படி நெல். செலவுக்குக் காசு கிடையாது. இதை மட்டும் வச்சு நெய், குழம்பு, தயிரோட எனக்கு ஒரு முழுச் சாப்பாடு போட முடியுமா?"

இந்தக் கேள்விக்கு வயசு ஏறக்குறைய 1300. கேட்டவன் காஞ்சிபுரத்து வணிகர் வீட்டுப் பையன், பேர் சக்திகுமாரன். நல்ல மனைவி வேணும்னு ஜோசியர் வேஷம் போட்டு, நெல்லைத் துணியில முடிஞ்சுக்கிட்டு ஊர் ஊரா நடக்கிறான். நிறைய வீட்டில் சிரிச்சுத் துரத்தி விடுறாங்க. கடைசியில் காவிரியின் தென்கரையில் ஒரு ஊரில் கோமினி என்ற பெண்ணைப் பார்க்கிறான். பெற்றோர் இல்லை, சொத்தும் போச்சு. கூட இருப்பது வளர்த்த செவிலித்தாய் மட்டும்.

கோமினி "முடியும்"னு ஒத்துக்கிறாள். அடுத்து அவள் செய்வதை ஒரு பிராசஸ் மாதிரி பாருங்க.

முதலில் நெல்லை வெயிலில் திருப்பித் திருப்பிக் காய வைக்கிறாள். சமமான கெட்டித் தரையில் போட்டு மெதுவாகத் தேய்த்து, உமி உடையாமல் பிரிக்கிறாள். ஏன் உடையக் கூடாது? நகைக்கு மெருகு போட பொற்கொல்லர்களுக்கு அது தேவை. உமியை விற்று வந்த சில்லறையில் விறகு, ஒரு சின்னப் பானை, ரெண்டு கிண்ணம் வாங்கி வரச் சொல்கிறாள். விறகுக்கு ஸ்பெசிஃபிகேஷன் வேற: ரொம்ப ஈரமாகவும் இருக்கக் கூடாது, ரொம்பக் காய்ந்ததாகவும் இருக்கக் கூடாது.

பிறகு அரிசியைக் குத்தி, புடைத்து, பலமுறை கழுவி, ஐந்து மடங்கு கொதிநீரில் போடுகிறாள். வெந்ததும் கஞ்சியை வடிக்கிறாள். உடனே அடுப்பு விறகில் தண்ணீர் தெளித்து அணைக்கிறாள். முழுசா எரியாத விறகு இப்போ கரி! அதையும் விற்கிறாள். அந்தக் காசில்தான் காய்கறி, நெய், தயிர், எண்ணெய், நெல்லிக்காய், புளி எல்லாம் வருது. விறகுக்கு ஏன் அவ்வளவு கண்டிஷன்னு இங்கேதான் எனக்குப் புரிஞ்சது. ரொம்பக் காய்ந்த விறகு சாம்பலாகியிருக்கும், விற்க ஒண்ணும் மிஞ்சாது.

வந்தவனை எண்ணெயும் நெல்லிக்காயும் தேய்த்துக் குளிக்கச் சொல்லி, வாழை இலை போட்டு, முதலில் ஆறவைத்த கஞ்சி, அப்புறம் நெய்யும் குழம்பும் கறியும் சேர்ந்த சோறு, கடைசியில் தயிரும் மோரும். அவன் வயிறார சாப்பிட்டும் சோறு மீதம். நாம இன்னைக்கு பை-ப்ராடக்ட், ஜீரோ வேஸ்ட்னு செமினார் எடுக்கிற விஷயம் அத்தனையும் ஒரு அடுப்படியில் முடிஞ்சு போச்சு.

கல்யாணம் நடக்குது. ஆனா கதை அங்கே நிற்கலை. சக்திகுமாரன் கொஞ்ச நாளில் ஒரு கணிகையையும் வீட்டுக்குக் கூட்டி வருகிறான். கோமினி அவளையும் தோழியாக நடத்தி, எல்லாருடைய நல்ல பேரையும் வாங்குகிறாள். கதை இதையும் அவளுடைய பெருமையாகவே சொல்லுது. எனக்கு இது உறுத்துது. இவ்வளவு திறமைக்கு ரிவார்டு இந்த ஆளா? அவனைச் சிரிச்சுத் துரத்தினவங்க ஒருவேளை சரியான பதில்தான் சொன்னாங்களோன்னு தோணுது.

இந்தக் கதை இருப்பது 'தசகுமார சரிதம்' என்ற சமஸ்கிருத உரைநடை நூலில். எழுதியவர் தண்டி.

பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் 'தண்டியலங்காரம்' வந்ததே, அதற்கு மூலம் இவருடைய 'காவியாதர்சம்' என்ற அணி இலக்கண நூல். தமிழ் மட்டுமில்லை, கன்னடம், சிங்களம், திபெத்து மொழி வரைக்கும் அது போயிருக்கு. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு தண்டி என்றால் உவமை, உருவகம், ரெண்டு மார்க். அவ்வளவுதான். அவர் ஒரு மனுஷன்னே நான் யோசிச்சதில்லை.

பல்லவர் காலத்துக் காஞ்சிக்காரர் அவர். 7ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். 'அவந்திசுந்தரி கதை' என்ற அவருடைய இன்னொரு நூலின் தொடக்கத்தில் தன் கதையைச் சொல்கிறார். சின்ன வயசிலேயே அம்மா, அப்பா போயிட்டாங்க. எதிரிப் படை வந்தது, பஞ்சம் வந்தது. ஊரை விட்டு அலைந்து, நிலைமை சரியான பிறகுதான் காஞ்சிக்குத் திரும்பினார். பஞ்சத்தைப் பார்த்த ஆள் எழுதியதால்தான் அந்த ஒரு படி நெல்லில் உமிகூட வீணாகலையோ என்பது என் கணிப்பு.

தனக்கும் அவர் இப்படி ஒரு டெஸ்ட் வச்சுக்கிட்டார். தசகுமார சரிதத்தில் மந்திரகுப்தன் என்பவன் தன் கதையைச் சொல்ல வருகிறான். காதலி கடித்ததில் உதடெல்லாம் புண். அதனால் ப, ம மாதிரி உதடு ஒட்டும் எழுத்தே வராமல் முழு அத்தியாயத்தையும் பேசி முடிக்கிறான். ரெண்டு நிமிஷம் முயற்சி செஞ்சு பாருங்க. 'அம்மா' வராது, 'சாப்பாடு' வராது, 'பிளேஸ்மென்ட்' வரவே வராது. 'தண்டி' மட்டும் தாராளமா வரும்!

கடைசியா ஒண்ணு. அதே அவந்திசுந்தரி கதையில் லலிதாலயர் என்ற சிற்பி தண்டியை மாமல்லபுரத்துக்கு அழைக்கிறார். அங்கே கடற்கரையில் இருந்த திருமால் சிலையின் உடைந்த கையை அவர் ஒட்டியிருந்தார். ஒட்டு சரியா வந்திருக்கான்னு பார்த்துச் சொல்லணும். தண்டி போய்ப் பார்க்கிறார். எந்த இடத்தில் ஒட்டியதுன்னே தெரியலை.

கல் வேலை செய்தவர் தன் வேலையைக் காட்ட ஒரு எழுத்தாளரைக் கூப்பிட்டிருக்கிறார். விறகின் ஈரம் வரைக்கும் கவனிச்ச ஆளாச்சே, வேற யாரைக் கூப்பிடுவார்? அடுத்த தடவை மாமல்லபுரம் போனா செல்ஃபி எடுத்த பிறகு ஒரு அஞ்சு நிமிஷம் கல்லையும் உத்துப் பாருங்க.