தூய காற்றும் உற்பத்தித் திறனும்

தொழிற்சாலையின் உற்பத்தித் திறனைக் கணக்கிடுவோர் எந்திரம், மூலப்பொருள், மின்சாரம், தொழிலாளரின் பயிற்சி ஆகியவற்றைக் கருத்திற் கொள்வது வழக்கம். தொழிலாளர் சுவாசிக்கும் காற்றுக்கு அக்கணக்கில் இடமிருப்பதில்லை. அதற்கும் இடமளித்தாக வேண்டும் என்பதைப் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழில் உணர்த்துகிறது.

தையல் வரிசையின் சான்று

இந்நகரின் ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். ஒருவர் கழுத்துப்பட்டையையும் மற்றொருவர் கைப்பகுதியையும் தைக்க, ஓர் ஆடை பல கைகள் மாறி உருவாகிறது. ஒருவர் தளர்ந்தால் வரிசை முழுவதும் தாமதமாகும். அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நைஷதம் ஆகிய பொருளியலறிஞர்கள் இங்கு மேற்கொண்ட ஆய்வு 2022இல் வெளியாயிற்று. காற்றில் நுண்துகள் மிகுந்தபோது உற்பத்தி குறைந்ததை அது காட்டியது. கவனமுள்ள மேற்பார்வையாளர்கள் தொழிலாளரை வேறு பணிக்கு மாற்றி அமர்த்தி, இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்தனர் என்பதும் அதில் புலனாயிற்று.

காரணம் யாது?

2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட விட்டமுடைய துகள்கள் கட்டடங்களுக்குள்ளும் எளிதில் புகுவன. நுரையீரலின் ஆழம் வரை செல்வன. கண்ணெரிச்சல், சோர்வு, கவனக்குறைவு ஆகியவை தோன்றினும் தொழிலாளி வேலைக்கு வந்துவிடுகிறார். ஆகவே இவ்விழப்பு வருகைப் பதிவேட்டில் தென்படுவதில்லை.

மேசைப் பணியும் இதற்கு விலக்கன்று. சீனாவில் தொலைபேசிச் சேவை நிலையங்களை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, மாசு மிகுந்த நாட்களில் ஊழியர்கள் ஏற்ற அழைப்புகள் குறைந்தன. ஒவ்வோர் அழைப்பின் நேரமும் நீளவில்லை. இடையே எடுத்த ஓய்வே கூடியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த பெங்களூருக்கு இது கருதத்தக்க செய்தியாகும்.

செய்ய வேண்டுவன

2009ஆம் ஆண்டின் தேசியத் தரநிலைப்படி, இந்நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 5 மைக்ரோகிராமே. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் பெங்களூரும் சேர்க்கப்பட்டது. 2011இல் இந்நகரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை-6 விதிகள், எரிபொருளில் உள்ள கந்தகத்தின் உச்ச அளவைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தன. வாகனப் பெருக்கம், சாலைப் புழுதி, கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு ஆகியவற்றையும் கட்டுப்படுத்துதல் அவசியம்.

காற்றுக்குத் தொழிற்சாலை மதில் ஒரு தடையன்று. மேற்பார்வையாளரின் திறமையால் இழப்பு குறையலாம். ஆனால் மூலகாரணம் நீங்காது. ஒரே நிறுவனத்தால் நகரின் காற்றைத் தூய்மைப்படுத்தவும் இயலாது. எனவே இதற்கென நகராட்சியும் மாநில அரசும் செய்யும் செலவைச் சுகாதாரச் செலவாக மட்டும் கருதலாகாது. சாலையும் மின்சாரமும் போலத் தூய காற்றும் தொழில் வளர்ச்சிக்கான அடிப்படை வசதியே. அதன் பயன், தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கே முதலில் சென்றடையும்.