உப்பு ஏறும் முன் மோட்டாரை நிறுத்துங்கள்

புதுச்சேரி நகரத்தில் வறட்சியின் பெரிய ஆபத்து, கிணறு வற்றுவது அல்ல, உப்பாகிப் போவது. வற்றிய கிணறு அடுத்த ஐப்பசி மழையில் ஊறிவிடும். உப்பேறிய கிணறு தேற ஆண்டுக் கணக்கில் ஆகும். சில கிணறுகள் தேறுவதே இல்லை.

நம் குழாயில் வருவது நிலத்தடி நீர். சென்னைக்கு வீராணம் ஏரி இருப்பதுபோல நம் குழாய்க்குத் தண்ணீர் தரும் ஏரி இல்லை. பாரதி பூங்காவின் ஆயி மண்டபமே, முத்திரையர்பாளையத்து ஊற்றுநீர் நகரத்துக்கு வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே போட்ட சில ஆழ்துளைகளில் தண்ணீர் தானாகவே மேலே பொங்கி வந்தது. இன்று அதே மண்ணில் மோட்டாரை நம்பி நிற்கிறோம்.

கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் எடை குறைந்தது என்பதால் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே அது 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே அரை மீட்டர் இறங்கினால், கீழே உப்பு 20 மீட்டர் ஏறிவரும். களிமண் அடுக்குகள் குறுக்கே இருந்தால் அளவு மாறும், போக்கு மாறாது. வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் கடலை ஒட்டி இருப்பவர்கள் தண்ணீர் குறைந்ததும் போரை இன்னும் ஆழமாக இறக்குவது, உப்பைத் தேடிப் போவதாகவே முடியும்.

அப்படியானால் ஒரு குடியிருப்பு என்ன செய்வது? முதலில் கணக்கு. 30 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆக 120 பேர். ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களுக்கு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். வறட்சியில் அதையே நாமும் வைத்துக்கொண்டால் மொத்தம் 6,600 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு இது 66 நிமிட வேலை. பல இடங்களில் தொட்டி நிரம்பி வழியும்வரை மோட்டார் ஓடுகிறதே, அந்த வீண்தான் முதலில் நிற்க வேண்டும். அந்த 66 நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாமல் காலை, மாலை எனப் பிரித்து ஓட்டுங்கள். விடாமல் இறைத்தால் குழாயின் நேர் கீழே இருக்கும் உப்புத்தண்ணீர் கூம்புபோல மேலெழும். இடையில் ஓய்வு கொடுத்தால் அது தணியும்.

அடுத்தது அளவு. உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு, அதே குழாயில், வாரந்தோறும் அதே நாளில் பிடித்துப் பாருங்கள். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது. வேறு வழியே இல்லாதபோது 2,000வரை ஏற்கலாம். ஒருநாள் எண்ணைவிட அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். தொடர்ந்து ஏறினால் இறைப்பைக் குறைத்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வெளித்தண்ணீர் வாங்குவது நல்லது. லாரித் தண்ணீரை வீட்டுக் கணக்கில் பிரிக்காதீர்கள், ஆள் கணக்கில் பிரியுங்கள். ஆறு பேர் இருக்கும் வீடும் இரண்டு பேர் இருக்கும் வீடும் சமமாகப் பெற்றால் அங்கே சண்டைதான் வரும்.

மோட்டாரின் பூட்டும் சாவியும் யாரிடம் என்பதையும் தண்ணீர் இருக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். தண்ணீரைப் பொதுவில் நிர்வகிப்பது நமக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏரிகளைப் பராமரிக்க ஊர்ப் பொதுநிதி இருந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைத்தபோது, ஏரிப் பயனாளர் சங்கங்களும் அமைந்தன. ஏரிகளுக்குச் செய்ததைத் தெருவின் போருக்கும் செய்யலாம். இரண்டு பேர் பொறுப்பேற்று, எல்லோரும் பார்க்கும் இடத்தில் மோட்டார் ஓடிய நேரமும் மீட்டர் எண்ணும் எழுத ஒரு நோட்டை மாட்டினால் போதும்.

மழைநீரை விட்டுவிடக் கூடாது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். அதை மண்ணுக்குள் அனுப்புவதுதான் உப்பைக் கீழே தள்ளும் வலு. நமக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. அதற்குள் மாடிக் குழாயின் அடைப்பை எடுத்துவிடுங்கள். மீட்டரை மட்டும் இந்த வாரமே வாங்கி, முதல் எண்ணை எழுதிவையுங்கள்.