தவக்காலத்து ராஜ்மா பாயசம்

கரீபியன் கடல் நாடான டொமினிக்கன் குடியரசில் அன்றாட மதியச் சாப்பாடு என்பது வெள்ளைச் சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, இறைச்சி. நாம் ராஜ்மா என்று வாங்கும் அதே வகைப் பயறுதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால், அந்த பீன்ஸ் இனிப்பாகிவிடும். பெயர், 'அபிச்சுவேலாஸ் கோன் துல்சே'.

பீன்ஸைக் குழைய வேகவைத்து, அரைத்து, தோல் தங்காமல் வடிகட்டுவார்கள். அதில் தேங்காய்ப்பால், சுண்டிய பால், சர்க்கரை, பட்டை, கிராம்பு. சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகளும் உலர்திராட்சையும் சேரும். அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும்; பொறுமைதான் இதன் ருசி. பரிமாறும்போது மேலே சின்னச் சின்ன பால் பிஸ்கட்டுகள்.

ஒரு வீட்டுக்கு மட்டும் அளவாகச் செய்யும் பழக்கமே கிடையாது. பெரிய பாத்திரத்தில் காய்ச்சி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பகிர்தல்தான் இந்தப் பலகாரத்தின் பெருமை.

சிலர் இதோடு 'கசாபே' என்ற மரவள்ளிக்கிழங்கு ரொட்டியையும் வைத்துக்கொள்வார்கள். கொலம்பஸ் வருவதற்கு முன்பே தைனோ பழங்குடி மக்கள் சுட்டுவந்த ரொட்டி அது. அதைச் செய்யும் மரபறிவை 2024-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.