உள்ளங்கை அளவில் ஒரு நீர்க்காகம்

போர்த்துக்கேயர் 1578 இல் இடித்த முன்னேஸ்வரம் கோயில், கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் 1753 இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. சிலாபத்துக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. அந்த ஆண்டில் கரையோர இலங்கை யார் கையில் இருந்தது என்று தேடினால் ஒரு பறவைப் பிரியரின் பெயர் வரும். யோவான் கிடியோன் லோட்டன், 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தக் கம்பனியின் ஆளுநராக இலங்கையில் இருந்தவர். இங்கே கிடைத்த பறவைகளைப் படமாக்கி வைக்க ஆசைப்பட்ட அவர், இலங்கையிலேயே பிறந்த பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே என்ற வரைஞரை அந்த வேலையில் அமர்த்தினார்.

லோட்டன் ஐரோப்பா திரும்பியபோது படங்களும் கப்பலேறின. இலண்டனில் அவை தோமஸ் பெனன்ட் என்ற இயற்கையியலாளரின் பார்வைக்குப் போயின. 1769 இல் பெனன்ட் வெளியிட்ட இந்திய விலங்கியல் நூல் அந்தப் படங்களின் துணையோடு உருவானது. மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா இரண்டின் அறிவியல் பெயருக்கும் பின்னால் இன்றும் பெனன்டின் பெயரும் 1769 என்ற ஆண்டும் நிற்கின்றன. லோட்டனின் பெயரை ஒரு தேன்சிட்டு சுமக்கிறது. அது 1766 இல் லின்னேயஸ் வைத்தது. தான் வரைந்த படங்களின் வழியே டி பெவெரே அறிவியலுக்குள் நுழைந்த கதை இது. அவர் பெயர் எந்தப் பறவைக்கும் வைக்கப்படாததும் அந்தக் கதையின் பகுதிதான்.

அந்த நாரையையும் பாம்புத்தாராவையும் பார்க்க முன்னேஸ்வரத்துக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வழியில் ஆனைவிழுந்தாவ இருக்கிறது. பழைய காலத்துத் தொடர் குளங்கள், ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வடியும் அமைப்பு. 1997 இல் சரணாலயம் ஆனது. 2001 இல் 1,397 ஹெக்டேயர் பரப்போடு ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இலங்கையிலிருந்து புந்தலைக்கு அடுத்து அந்தப் பட்டியலுக்குள் போனது இதுதான். கொஞ்சம் தள்ளி முந்தல் களப்பு, அதற்கு வடக்கே புத்தளம் களப்பு. பறவை வரைய ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல முகவரி அமைவது கடினம்.

வரைவதற்கு நீர்வர்ணம், பென்சில், கணினி என்று பல வழிகள் உண்டு. இங்கே பேசப்போவது அவற்றில் ஒன்றைப் பற்றி: நாளுக்கு ஒரு சிறிய பலகை, அதில் ஒரு காட்டுப் பறவை, எண்ணெய் வர்ணத்தில், ஒரே அமர்வில். பலகையின் அளவு ஐந்துக்கு ஏழு அங்குலம், அல்லது ஆறுக்கு ஆறு. உட்கார்ந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். நாளைக்கு வேறு பலகை, வேறு பறவை. அதே பறவையாக இருந்தாலும் தவறில்லை.

இந்த நாள்தோறும் ஓர் ஓவியம் என்ற பழக்கத்தை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்து ஓவியர் டுவேன் கைசர். 2004 டிசம்பரில் அஞ்சலட்டை அளவு எண்ணெய் ஓவியங்களை நாளுக்கு ஒன்றாக வரைந்து இணையத்தில் போடத் தொடங்கினார். சில மாதங்களில் பிரான்சின் புரொவன்ஸ் பகுதியில் வாழும் ஜூலியன் மெரோ-ஸ்மித்தும் தொடங்கினார். பிறகு நூற்றுக்கணக்கானோர். ஓவியக்கூடமும் கண்காட்சியும் இல்லாமல் ஓர் ஓவியர் பிழைக்க இது வழிகாட்டியது. ஆனால் அவர்கள் வரைந்ததில் பெரும்பகுதி மேசைமேல் வைத்த பழம், முட்டை, கோப்பை, சன்னலுக்கு வெளியே தெரியும் வயல். முட்டை இருந்த இடத்தில் இருக்கும். கொக்கு இருக்காது.

பறவையை வரைபவர்களின் பழைய தீர்வு, அதை அசையாமல் செய்துவிடுவது. அமெரிக்கப் பறவைகளை வரைந்த ஆடுபன், சுட்ட பறவைகளைக் கம்பியால் கட்டி நிறுத்திப் பார்த்து வரைந்தார். 1827 முதல் 1838 வரை வெளிவந்த அவருடைய 435 படங்களும் பறவையின் உண்மையான அளவில் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தாளுக்குள் அடங்காத பூநாரையின் கழுத்தை வளைத்துக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. ஐந்து அங்குலப் பலகை வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

உயிரோடு இருப்பதைப் பார்த்து வரையும் பழக்கத்தை இலங்கையில் வேரூன்றச் செய்தவர் ஜி. எம். ஹென்றி. 1891 இல் கந்தப்பொலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர். 1907 இல் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, முத்துக்குளிப்புக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் உதவியாளர். 1910 இல் கொழும்பு நூதனசாலைக்கு வரைஞராகப் போனார். மூன்று ஆண்டுகளில் பூச்சியியல் பிரிவுக்கு மாறி, 1946 வரை அங்கேயே இருந்தார். பகலெல்லாம் பூச்சி, மற்ற நேரமெல்லாம் பறவை. இலங்கைப் பறவைகளின் வண்ணப் படத்தொகுதிகளும் 1955 இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் கையேடும் அந்த மற்ற நேரத்தில் விளைந்தவை. கையேட்டில் எழுத்தும் அவருடையது, படமும் அவருடையது. அவர் நீர்வர்ணக்காரர்தான். ஆனால் வேலைக்குப் போகும் ஒருவர் நாள்தோறும் கொஞ்சமாகப் பார்த்து வரைந்தால் எவ்வளவு சேரும் என்பதற்கு ஹென்றியைவிட நல்ல சாட்சி இந்த நாட்டில் இல்லை.

அப்படியென்றால் எண்ணெய் வர்ணம் எதற்கு? நீர்வர்ணத்தில் ஒரு கோடு பிசகினால் தாளைக் கிழிக்க வேண்டியதுதான். எண்ணெய் வர்ணம் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். நாரையின் கால் நீண்டுவிட்டதா, துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். முழுப் பறவையும் கோணலாகிவிட்டதா, கத்தியால் வழித்துவிட்டுப் பலகையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த மன்னிக்கும் குணம் பெரிய வரம். இறகின் விளிம்பு தண்ணீரின் பளபளப்பில் கரைவதை, ஈரத்தின் மேல் ஈரமாக ஒரு தூரிகை இழுப்பில் காட்டிவிட முடிவதும் இதில்தான்.

சிறிய பலகையின் பயன் வேறு. அதில் இறகுகளை எண்ணி எண்ணி வரைய இடம் கிடையாது. அரை அங்குலத் தட்டைத் தூரிகையால் உடல் ஒரு நிறத்திட்டு, சிறகு ஒரு திட்டு, நிழல் ஒரு திட்டு என்று போட்டாக வேண்டும். பறவை எப்படி நிற்கிறது, எடை எந்தக் காலில், கழுத்து எந்தக் கோணத்தில் என்பதை முதலில் பிடித்துவிட்டால் இன்ன பறவை என்று தூரத்திலிருந்தே தெரியும். பிடிக்காவிட்டால் ஆயிரம் இறகு வரைந்தும் அது பாடம்செய்த பொம்மைதான்.

எந்தப் பறவையில் தொடங்குவது என்பதில் பலர் தவறுகிறார்கள். அழகைப் பார்த்துத் தேன்சிட்டில் தொடங்கினால் இரண்டு நொடிக்கு மேல் மாதிரி கிடைக்காது. பொறுமைசாலிகளைத் தேட வேண்டும். நீர்க்காகம் மீன் பிடித்து வந்து பட்ட கொம்பில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும். அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடுவதால் வேறு வழியில்லை. அதனால் ஓவியருக்கு ஓர் அசையாத மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது. பாம்புத்தாராவும் அப்படியே. வயல் வரப்பிலும் கோயில் குளத்தோரத்திலும் நிற்கும் குருட்டுக் கொக்கு, இரைக்காகச் சிலைபோல நிற்பதையே தொழிலாகக் கொண்டது. மின்கம்பியில் இருக்கும் மீன்கொத்தி பறந்தாலும் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். இலைக்கோழியைப் பிறகு பார்க்கலாம். ஆண் முட்டையை அடைகாத்துக் குஞ்சையும் வளர்க்கும் அந்தப் பறவை, இனப்பெருக்க காலத்தில் நீண்ட வாலோடு ஆம்பல் இலைகள்மேல் நடப்பதைப் பார்க்கவே ஒரு காலை போதாது.

பழகியவர்கள் கையாளும் முறை எளிது. குளக்கரையில் பைனாகுலரும் சிறிய கொப்பியும் பென்சிலும் மட்டும். பறவையைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பது, கண்ணை எடுத்துவிட்டு நினைவில் நின்றதை நாலு கோட்டில் போடுவது. நிறத்தை எழுத்தில் குறித்துக்கொள்வது: முதுகு பழுப்பு, வயிற்றில் தண்ணீரின் பச்சை வெளிச்சம். வர்ணம் வீட்டில். கைத்தொலைபேசிப் படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் படத்தை மட்டுமே பார்த்து வரைபவரின் கொக்கு எப்போதும் படம் மாதிரியே இருக்கும், நிழல் கறுத்து, வெள்ளை வெளுத்து. கண் பார்த்ததைக் கமெரா பார்ப்பதில்லை.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு வர்ணக் குழாயைத் திறக்காமலே நீர்க்காகத்தை வரையலாம், வரைவது நல்லது. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்தால் ஆழ்ந்த கறுப்பு வரும். நீலம் கூடினால் குளிர்ந்த சிறகு, பழுப்பு கூடினால் வெயில்பட்ட முதுகு. வெள்ளைக் கொக்கு இதற்கு நேர்மாறு. வெறும் வெள்ளையைப் பூசினால் சுண்ணாம்புக் கட்டி நிற்கும். பின்னால் உள்ள தண்ணீரையும் கண்டலையும் முதலில் இருட்டாகப் போட்டுவிட்டு, கொக்கின் நிழல்பக்கத்துக்குச் சாம்பல்நீலம், வெயில் பக்கத்துக்குத் துளி மஞ்சள் கலந்த வெள்ளை என்று வந்தால் பறவை தானாக எழுந்து நிற்கும்.

மீன்கொத்திதான் ஆளைச் சோதிக்கும். அதன் முதுகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய பஞ்சு அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு நீலம் தெரிகிறது. லோட்டனின் தேன்சிட்டு மினுங்குவதும் இறகின் அமைப்பால்தான். குழாய் வர்ணத்தால் அந்த ஒளியைத் தர முடியாது, சுற்றியுள்ளதை அடக்கி வாசித்து நீலத்தைப் பேசவைக்கலாம். பின்னணியை மங்கிய பழுப்பாக்கினால் ஒரு துளி நீலம் பலகையையே ஆளும்.

சேற்றுநிலத்து உள்ளானும் உப்புக்கொத்தியும் இன்னொரு பாடம். பறவைக்கும் மண்ணுக்கும் ஒரே நிறம். வேட்டை விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் இடத்திலேயே எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய சுவீடனின் புரூனோ லில்யெஃபோர்ஸ் (1860–1939) இந்த மறைவையே தன் கலையாக்கினார். அவருடைய படங்கள் சிலவற்றில் பறவையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புத்தளம் களப்பின் ஓரத்தில் நின்று பார்த்தவருக்கு அது மிகையாகத் தோன்றாது.

இனிச் சில நடைமுறைகள். கடையில் ஹார்ட்போர்ட் வாங்கித் துண்டாக்கி, இரண்டு மூன்று பூச்சு ஜெசோ அடித்துக் காயவைத்தால் பலகை தயார். டைட்டேனியம் வெள்ளை, எல்லோ ஓக்கர், ஒரு சிவப்பு, அல்ட்ராமரின், பர்ன்ட் அம்பர், இந்த ஐந்து குழாய் போதும். மீன்கொத்திக்காகப் பிறகு ஒரு தேலோ நீலம் வாங்கலாம்.

எண்ணெய் வர்ணம் தண்ணீர் ஆவியாவதுபோல உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாள் வேண்டும், மாரியில் இன்னும் இழுக்கும். தென்னை முக்கோணத்தில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெயில் வர்ணம் குழைக்கலாமே என்று தோன்றினால் வேண்டாம், அது இறுகவே இறுகாது. ஆனால் தூரிகை கழுவ அருமையான பொருள். தேங்காய் எண்ணெயில் அலசி, பிறகு சவர்க்காரத்தால் ஒரு சொட்டு எண்ணெயும் மிஞ்சாமல் கழுவினால் டர்பன்டைன் வாசத்தை வீட்டுக்குள் விட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையை மட்டும் மறக்கக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவிட வேண்டும், அல்லது மூடியுள்ள தகரத்தில் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும் நாட்களில் கரையில் ஈரப் பலகையைத் திறந்து வைத்தால் மணல்தான் மிஞ்சும். குளிர்கால வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை அப்போது இருப்பதுமில்லை. செப்டெம்பர் கடைசியிலிருந்து வரத் தொடங்கி ஏப்ரல் வரை இருக்கும்.

சிலாபம், புத்தளம் பாடசாலைகளின் சித்திர ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவைச் சித்திரம் என்றால் நாட்காட்டியிலிருந்து மயிலையும் கிளியையும் பார்த்து வரைவதாகவே பல வகுப்புகளில் முடிந்துவிடுகிறது. வருடத்தின் முதலாம் தவணை, களப்பில் வெளிநாட்டுப் பறவைகள் நிறைந்திருக்கும் காலத்தில் வருகிறது. ஒரு காலையாவது பிள்ளைகளைக் கொப்பியோடும் பென்சிலோடும் குளக்கரைக்குக் கூட்டிப் போங்கள். கூட்டுக்குக் கிட்டப் போகவிடாமல், குரலைத் தாழ்த்தச் சொல்லி, ஆளுக்கு ஒரு நீர்க்காகத்தைக் காட்டி வரையச் சொல்லுங்கள். வர்ணம் அடுத்த வாரம் வகுப்பில் தீட்டலாம்.