தோடியைத் தேடிக் கேட்போம்

இசை காதில் விழுவது ஒன்று. அதனைச் செவிமடுத்துக் கேட்பது பிறிதொன்று. நாதசுரத்தைப் பொறுத்தமட்டில் நம்மவரிற் பெரும்பாலார் முதலாவதோடு அமைந்துவிடுகின்றனர். கோயிற் கொடியேற்றமாயினும் திருமணப் பந்தலாயினும் அது மங்கல ஒலியாக நம்மைச் சூழ்ந்து நிற்கின்றது, அவ்வளவே. வித்துவான் எந்த இராகத்தை விரித்து வாசித்தார் என்று வீடு திரும்பியபின் வினவினால், விடை கூறுவாரைக் காண்டல் அரிது.

அண்மைக் காலமாக யான் மாலை வேளைகளில் நாதசுர இசையையே விரும்பிக் கேட்டு வருகின்றேன். அதிலும் தோடி இராகம் ஒன்றையே எடுத்துக்கொண்டு, கலைஞர் பலர் வாசிக்க அடுத்தடுத்துக் கேட்டேன். ஓர் இராகத்தோடு இவ்வாறு சில நாள் பழகுதல், பல இராகங்களை மேலோட்டமாகக் கேட்பதினும் மிக்க பயன் தருவதாயிற்று.

முதலிற் கேட்டது திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்களின் தோடி. தோடி என்றதும் இரசிகர் நினைவில் முதலில் எழும் பெயர் அவருடையதே. அக்காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். கோயில் வீதியிலே ஓரிராகத்தை மணிக்கணக்கில் வளர்க்கவல்ல அம்மேதை, அச்சிறு பொழுதுக்குள் அதன் உருவம் முழுவதையும் காட்டிவிடுகின்றார். புதிதாகக் கேட்கத் தொடங்குவோர்க்கு இதனினும் நல்ல வாயில் இல்லை.

தோடி, மேளகர்த்தா வரிசையில் எட்டாவது இராகம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் அசையாது நிற்பதன்று. ஊசலாடியே தன் இயல்பைக் காட்டும். பஞ்சமத்தைத் தொடாது தாண்டிச் செல்லும் பிடிகளிலே இராகம் தனியழகு பெறும். நாதசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகளோ ஏழு மாத்திரமே. சீவாளியிற் செலுத்தும் மூச்சின் அளவு, உதட்டின் அழுத்தம், துளையைப் பாதி மூடியும் திறந்தும் விரல் செய்யும் வேலை ஆகியவற்றாலேயே இந்நுண்மைகள் யாவும் பிறக்கின்றன. இதனை அறிந்து கேட்போர்க்கு வியப்பு இரட்டிக்கும்.

அடுத்து, அவர்தம் சீடராகிய காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசித்ததைக் கேட்டேன். 1962 இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தால் இவர் நாதசுரம் பாமரர் செவிக்கும் எட்டியது. குருவின் வாசிப்பிலே பெருவெள்ளத்தின் வேகம் தோன்றுகின்றது. சீடரிடத்தோ குழைவும் நிதானமும் மேலோங்குவதாக என் செவிக்குப் படுகின்றது. இராகம் ஒன்றே, அதனுள் இரு மனிதர் இருவேறு வழி கண்டனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அளவெட்டி என். கே. பத்மநாதன் அவர்களின் நாதசுரத்தையும், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களின் தவிலையும் ஒலிப்பதிவுகளிற் கேட்டேன். இணுவில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மைந்தராய்ப் பிறந்த தெட்சணாமூர்த்தி, தமிழகத்தின் முன்னணி நாதசுர வித்துவான்கள் பலருக்கும் வாசித்துப் புகழ் பெற்றவர். 42 வயது நிறையுமுன்னரே மறைந்தவர். இராகம் விரியும்போது தவில் அடங்கியிருந்து, இடைவெளிகளில் மட்டும் ஒலிக்கும். தனக்குரிய முறை வந்ததும் கணக்கு வெள்ளமாய்ப் பாயும். கையாற் தாளம் போட்டுக்கொண்டு அவருடைய தனி வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள். எத்துணைச் சிக்கலான கணக்காயினும் அது சமத்தில் வந்து சேரும்போது நம்மை அறியாமலே தலை அசையும்.

இத்தகைய பதிவுகள் எங்ஙனம் நம் கைக்கு எட்டின? வானொலி நிலையங்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் பதிந்தவை ஒரு பகுதி. திருவிழாக்களிலே இரசிகர்கள் தாமாகவே ஒலிநாடாவிற் பதிந்தவை மற்றொரு பகுதி. 1983 இன் பின்னர் நீண்ட போர்க்காலத்தில் வீடுகளோடு அவ்வொலிநாடாக்களும் பல அழிந்தன. எஞ்சியவை அலுமாரிகளிலும், புலம்பெயர்ந்தோர் பெட்டிகளிலும் உறங்குகின்றன. ஈரத்தாற் பூஞ்சணம் பிடித்து அவையும் ஆண்டுதோறும் கெட்டுவருகின்றன. ஒரு நாடா கெடுமாயின், அந்த இரவின் தோடி மீண்டும் உலகிற்கு வாராது.

ஆகவே, இத்தகைய நாடா வைத்திருப்போர் அதனை விரைவில் எண்ணிம வடிவுக்கு மாற்றுதல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை அறிந்தவரிடம் துப்புரவு செய்வித்த பின்னரே ஒலிக்கவிடுதல் நன்று. வாசித்தவர் யார், எக்கோயில், எவ்வாண்டு என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் அதனினும் இன்றியமையாதது. 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளுக்கு ஒரு பிரதி வழங்குவதும் நற்பணியாகும்.

மறைந்தோரை மட்டும் போற்றுதல் போதாது. இன்று வாழும் கலைஞருக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். திருமண வீட்டில் கெட்டிமேளம் முழங்கியதும் வித்துவானை மறந்து பந்தியை நாடுகின்றோம். பின்னர் அவர் திரைப்படப் பாடலையே வாசிக்கின்றார் என்று குறை கூறுகின்றோம். கேட்பாரின்றி அவர் யாருக்காகத் தோடியை விரிப்பார்? ஓர் அரைமணி நேரம் ஒதுக்கி, ‘ஐயா, ஓர் இராகம் வாசியுங்கள்’ என்று கேட்டு, முன்னே அமர்வோமாயின், அதுவே அவருக்குப் பொன்னாடையினும் பெரிய மதிப்பாகும்.

இன்று ஒரே வீட்டில் ஐவர் தத்தம் கைப்பேசியில் ஐந்து வகை இசை கேட்கின்றனர். ஞாயிறு மாலையில் ஒருமுறையேனும் அவற்றை ஒதுக்கிவைத்து, அனைவரும் கூடியிருந்து ஓர் இராகத்தைக் கேட்டல் கூடும். அம்மம்மாவோ அப்பப்பாவோ இராகத்தின் பெயரைச் சொல்லட்டும். பிள்ளைகள் தாளத்தை எண்ணட்டும். அடுத்த திருவிழாவிலே அப்பிள்ளைகள் மேளக்காரரின் அருகே சென்று நிற்பார்கள்.